வேப்பிலை கட்டாத வீடு

அன்புள்ள பாப்பாவுக்கு,

இந்தக் கையெழுத்தைப் பார்த்து முகம் சுளிக்காதே. சில எழுத்து பூசணிக்காய் அளவு இருக்கும், சில எழுத்து கோட்டை விட்டு இறங்கி ஓடியிருக்கும். ஒரு பக்கம் எழுத எனக்கு ஒரு காலைப்பொழுது ஆகிறது. "இன்னும் அந்தப் பக்கமே முடியலியா? வெட்டின தேயிலை கூட திரும்பத் துளிர்த்துடும் போல" என்று உன் அம்மா கேலி செய்கிறாள். வகுப்பு எடுக்கும் டீச்சர் திருத்தித் தருவதாகச் சொன்னார்கள். நான் கொடுக்கவில்லை. உனக்கு முன்னால் வேறு யாரும் இதைப் படிக்கக் கூடாது. நீ படித்த பிறகு யார் வேண்டுமானாலும் படிக்கலாம். படிக்கத்தான் வேண்டும். அதனால் உனக்குத் தெரிந்த விஷயங்களையும் விவரமாகவே எழுதுகிறேன்.

போனில் சொல்லிப் பார்த்தேன். நீ "என்னப்பா?" என்று கேட்டதும், கோலாலம்பூரில் மழையா என்று விசாரித்துவிட்டு வைத்துவிட்டேன். காகிதம் "என்னப்பா" என்று கேட்பதில்லை. பொறுமையாகக் காத்திருக்கிறது.

எழுதுவதில் எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று உனக்குத் தெரியும். தேயிலை ஆலையில் இலை வாட்டும் தட்டுகளுக்கு நடுவிலேயே வாழ்க்கை போய்விட்டது. ஓய்வு பெற்ற பிறகு, தோட்டத் தமிழ்ப் பள்ளியில் பெரியவர்களுக்கு வகுப்பு வைத்தபோது, கால் மடக்க முடியாத வயதில் சின்னப் பிள்ளைகளின் பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். பிரிஞ்சாங் டவுனுக்குப் போனால் கடைப் பலகைகளை எல்லாம் சத்தமாக வாசித்துக்கொண்டே நடப்பேன். "என்னா தலைவரே, கடைய வெலைக்குக் கேக்கப் போறீங்களா?" என்று ரொட்டிக் கடை பாய் சிரிப்பார். என் முதல் கடிதம் உனக்குத்தான் என்று அன்றே முடிவு செய்திருந்தேன். அதில் நல்ல சேதி மட்டும் இருக்க வேண்டும் என்றும் நினைத்திருந்தேன். அது நடக்கவில்லை. அந்தச் சந்தோஷத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்தேன் என்பதைத்தான் எழுதப்போகிறேன்.

உனக்குச் சின்ன வயதில் அம்மை போட்டது நினைவிருக்கும். இந்தக் குளிரில் வேப்பமரம் வளராது. ஈப்போவில் இருந்து காய்கறி லாரிக்காரர் கட்டுக் கட்டாக இலை கொண்டுவந்து கொடுத்தார். வாசலில் நான்தான் கட்டினேன். வீட்டில் தாளிப்பு இல்லை, விருந்தாளி இல்லை. நீ ஜன்னலில் முகத்தை வைத்து, "ஏம்ப்பா யாருமே விளையாட வர மாட்டேங்குறாங்க?" என்று கேட்டாய். ஆத்தா வந்திருக்கிறாள், அவளுக்குக் கூட்டம் பிடிக்காது என்றேன். எனக்கு அதுவரை அம்மை வந்ததில்லை என்பதால், உனக்குத் தண்ணீர் ஊற்றும் வரைக்கும் ஆலையிலேயே படுத்துக்கொண்டேன். ஊருக்கு என்ன செய்ய வேண்டுமோ அதைச் சரியாகச் செய்தேன். செய்யத் தெரியாதவன் இல்லை நான். அதனால்தான் இப்போது இவ்வளவு கூசுகிறது.

இந்த வருடம் கோயில் திருவிழாவுக்கு முன்னால் கீழ் லைன் குடியிருப்பில் ஒரு வீட்டுப் பிள்ளைகளுக்கு அம்மை வந்தது. கோயில் தலைவர் என்ற முறையில் வேப்பிலையும் தீர்த்தமும் கொண்டுபோனேன். வாசலிலேயே வைத்துவிட்டு வருவதுதான் வழக்கம். ஆனால் அந்தப் பிள்ளைகளின் தாய், "தலைவரே, ஸ்கூல்ல இருந்து காகிதம் ஒண்ணு குடுத்திருக்காங்க. நீங்கதான் இப்ப படிக்கிறீங்களாமே, என்னன்னு பாருங்களேன்" என்றாள். பாப்பா, என் வாழ்க்கையில் யாரும் என்னிடம் ஒரு காகிதத்தைக் கொடுத்துப் படிக்கச் சொன்னதில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தேன். படுத்திருந்த பிள்ளைகள் பக்கத்தில் உட்கார்ந்து, எழுத்துக் கூட்டிக் கூட்டி, முழுவதும் வாசித்தேன். வேறு யாராக இருந்தாலும் ஒரு நிமிடத்தில் படித்துவிட்டுக் கிளம்பியிருப்பார்கள். நான் இரண்டாம் தடவையும் வாசித்துக் காட்டினேன்.

திருவிழாவுக்கு எனக்குக் காப்புக் கட்டினார்கள். கட்டிய பிறகு, கோயில் காரியம் முடியும் வரை அந்த மஞ்சள் கயிற்றோடுதான் இருக்க வேண்டும். விழாவுக்கு முதல் நாள் முதுகில் அரித்தது. உடம்பு காய்ந்தது. சட்டையைத் தூக்கிப் பார்த்த உன் அம்மா, கையில் இருந்த எண்ணெய்க் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டாள்.

"ஏங்க, இது ஆத்தாதாங்க. காப்ப அவுத்துக் குடுத்துட்டு வீட்ல படுங்க."

"வேர்க்குருடி."

"இந்தக் குளிர்ல உங்களுக்கு மட்டும் வேர்க்குதாக்கும்!"

"மெதுவா பேசு. காப்பு கட்டினவனுக்கே ஆத்தா வந்துருச்சுன்னா சுத்தம் கெட்டவன்னு சொல்லுவானுங்க."

இது உன் அம்மாவுக்குச் சொன்ன காரணம். உண்மையான காரணம் வேறு. கோயிலில் உபயக்காரர்களின் பெயரை மைக்கில் வாசிப்பது ஒவ்வொரு வருடமும் தோட்ட ஆபீசில் கணக்கு எழுதிய நம் பழைய கிராணிதான். அவர்தான் கோயில் பொருளாளர். நான் பக்கத்தில் பொம்மை மாதிரி நிற்பேன். போன வருடக் கூட்டத்தில், "கைநாட்டுத் தலைவருக்கு மைக்கு எதுக்கு?" என்று அவர் சொல்லி எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இந்த வருடம் நானே வாசிப்பதாகச் சொல்லியிருந்தேன். வாரக்கணக்காக உன் அம்மா முன்னால் வாசித்துப் பழகியிருந்தேன். அதை விட்டுக்கொடுக்க என்னால் முடியவில்லை. மஞ்சளை அரைத்து முதுகில் தடவச் சொன்னேன். ஈப்போவில் இருந்து வந்த வேப்பிலையை வாசலில் கட்டாமல் சமையலறைக்குள் என் பாய்க்கு அடியில் போட்டுக்கொண்டேன். முகத்தில் வந்த கொப்புளத்தைக் கொசுக்கடி என்றேன்.

திருவிழாவில் நான் மைக்கில் வாசித்த வீடியோ உன்னிடம் இருக்கிறது. நீ உன் நண்பர்களுக்கெல்லாம் காட்டிப் பெருமைப்பட்ட வீடியோ. இன்னொரு தடவை அதைப் பார். நான் சால்வையைக் கழுத்து வரைக்கும் இழுத்து இழுத்து மூடுவது தெரியும். ஒவ்வொரு பெயராக வாசித்தேன். வாசிக்க வாசிக்க அந்த வீட்டுக்காரர்கள் பிள்ளைகுட்டிகளோடு என் முன்னால் வந்து நின்றார்கள். குனிந்து நெற்றியில் விபூதி வைத்தேன், கையில் கூழ்ச் செம்பைக் கொடுத்தேன். மழை தூறியதால் எல்லோரும் தகரக் கொட்டகைக்குள் நெருக்கி நின்றோம். நான் மெதுவாக வாசித்ததால் விழா நீண்டுகொண்டே போனது. கீழ் லைன், நடு லைன், மேல் லைன், ஒரு வீடு பாக்கியில்லை. உன்னைப் பெற்ற நாளுக்குப் பிறகு நான் அவ்வளவு மகிழ்ந்தது அன்றைக்குத்தான்.

சில வாரங்கள் கழித்து எல்லா லைனிலும் ஒரே சமயத்தில் அம்மை எழும்பியது. நோய் எப்படிப் பரவுகிறது என்று கணக்குப் போடுவதுதான் உன் வேலை என்பதால், நீ உன் பல்கலைக்கழகத்தில் இருந்து கணினியோடு வந்து இறங்கினாய். அந்தக் கணக்கை எனக்குச் சமையலறையில் உட்கார்ந்து விளக்கினாயே, ஒரு வார்த்தை மறக்கவில்லை. மூன்று கூடையை வைத்து, ஆளுக்கு ஒரு தேயிலை என்றாய். "இதுல இன்னும் நோய் வராத ஆளுங்க. இதுல இப்ப நோய் இருக்கிற ஆளுங்க. இது வந்து போயிட்ட ஆளுங்க. ஒரு கூடையில இருந்து அடுத்த கூடைக்கு எவ்வளவு வேகமா எல போகுதுன்னு பாக்குறதுதாம்ப்பா என் வேல." நோய்க்காரர் ஒருவர் எத்தனை பேரை நெருங்குகிறார் என்பதுதான் அந்த வேகம் என்றாய். வேப்பிலை கட்டிய வீட்டுக்கு யாரும் போவதில்லை, அதனால் அந்த வீட்டில் இருந்து வெளியே போகும் கோடுகளைக் கணக்கில் மெலிதாக்கிவிட்டேன் என்று சொல்லும்போது உன் கண் மின்னியது. நம் ஜனங்களின் வழக்கத்துக்கு உன் கணக்கில் நீ ஓர் இடம் கொடுத்திருந்தாய். எனக்கும் பெருமையாக இருந்தது. பெருமைப்பட்டுக்கொண்டே, உனக்குத் துணையாக வீடு வீடாக வந்தேன். எந்த வாசலில் எப்போது இலை கட்டினார்கள் என்று நீ கேட்டாய். தலைவர் பக்கத்தில் நிற்கிறார் என்று எல்லோரும் மரியாதையாகப் பதில் சொன்னார்கள். கடைசியாக நம் வாசலில் நின்று சிரித்துக்கொண்டே, "நம்ம வீடுப்பா?" என்றாய். "ஒண்ணுமில்லம்மா, சுத்தம்" என்றேன். உன் அம்மா உள்ளே போய்விட்டாள்.

இந்த இடத்தில் நேற்று எழுதுவதை நிறுத்திவிட்டேன். கை வலி என்று உன் அம்மாவிடம் சொன்னேன். கை வலிக்கவில்லை. இனி எழுத வேண்டியது அதைவிட மோசம்.

அன்று மாலை நீ கணினியைத் திருப்பிக் காட்டினாய். ஒரு கோடு உன் கணக்கு சொல்வது, இன்னொரு கோடு நடந்தது. இரண்டும் ஒட்டவே இல்லை. "கணக்கு இடிக்குதுப்பா. என் கணக்குப்படி கீழ் லைன்லயே அடங்கியிருக்கணும். ஒரே ஆளு, எல்லா லைனுக்கும் போனவரு, ஒருத்தர் இருந்தார்னு வெச்சாதான் சரியா வருது" என்றாய். அப்படி ஓர் ஆளைப் போட்டுக் காட்டினாய். இரண்டு கோடும் ஒன்றின் மேல் ஒன்று வந்து உட்கார்ந்தன. முகம் இல்லாத அந்த ஆள் உன் எதிரில் காப்பி குடித்துக்கொண்டிருந்தான். "யாருப்பா எல்லா லைனுக்கும் போறது?" என்று நீ கேட்டாய்.

அப்போது வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால்கூட என் பாவம் பாதிதான். நான், "கேஸ் கொண்டாருவானே பகதூர், அவன் எல்லா வீட்டுக்கும் போவான்" என்றேன். அவருக்கு உடம்பு சரியில்லாமல் இருந்ததா என்று கேட்டாய். "இருந்திருக்கும். கொங்சி வீட்ல ஒண்ணா தங்கியிருக்கிறவங்க எங்க சொல்லப் போறாங்க?" என்றேன். இந்தத் தோட்டத்துக்கு நேபாளத்தில் இருந்து வந்து, நம் பாஷையும் பேசக் கற்றுக்கொண்டு, உன் அம்மாவை அக்கா என்று கூப்பிடுகிறவன். அவனைக் காட்டிக்கொடுத்தேன் என்று எழுத வந்தது. காட்டிக்கொடுக்க அவனிடம் ஒன்றுமில்லையே. என்னுடையதை எடுத்து அவன் தலையில் வைத்தேன். அதுதான் சரி.

நீ யோசித்துத்தான் எழுதினாய், எனக்குத் தெரியும். தோட்ட ஆபீசில் கொடுத்த அறிக்கையின் முதல் பிரதியில் பெயர் போடவில்லை. எல்லா லைனுக்கும் பொருள் கொண்டுசெல்லும் ஒருவர் மூலமாக இருக்கலாம் என்றுதான் எழுதினாய். ஆனால் இங்கே அப்படி ஒருவன்தான் இருக்கிறான். இப்போது அவன் சிலிண்டரை யாரும் வாசலுக்கு வரவிடுவதில்லை. ரோட்டிலேயே வைத்துவிட்டுப் போகச் சொல்கிறார்கள். மேல் லைன் கனகா வயிற்றுப் பிள்ளையோடு அம்மை கண்டு ஈப்போ ஆஸ்பத்திரியில் கிடந்து திரும்பினாளே, அவள் புருஷன் ரோட்டில் அவன் சட்டையைப் பிடித்து, "உன்னால என் பொண்டாட்டி பொழைப்பாளான்னு ஆயிருச்சுடா" என்று கத்தினான். அதே கனகா கோயிலில் என்னைப் பார்த்து, "நீங்க வேண்டிக்கிட்டதாலதான் தலைவரே நானும் புள்ளையும் தப்பிச்சோம்" என்று கும்பிட்டாள். நான் விபூதி கொடுத்தேன். அந்தக் கையால்தான் இதை எழுதுகிறேன்.

பகதூரும் என்னிடம்தான் வந்தான். கைச்சட்டையை மடித்துப் பழைய தழும்புகளைக் காட்டினான். "தலைவரே, எனக்கு சாக்கிட், சீக்கு ஒண்ணும் இல்ல லா. சின்ன வயசுல ஊர்ல வந்துச்சு, பாருங்க. மானேஜர் வேல பெர்மிட் போட மாட்டேன் சொல்றாரு. நீங்க ஒரு வார்த்த சொன்னா கேப்பாரு." சின்ன வயதில் வந்தவருக்குப் பெரும்பாலும் திரும்ப வராது என்று நீ மூன்றாவது கூடையைத் தட்டிச் சொன்னது எனக்கு நினைவு வந்தது. அவன் மூன்றாவது கூடை, பாப்பா. அன்றுதான் எழுத உட்கார்ந்தேன்.

ஆனால் பாதி எழுதியதும், வாயாலும் சொல்வதுதான் முறை என்று தோன்றி, நேற்று ஆபீசுக்குப் போனேன். மானேஜரைத் துரை என்றுதான் நாங்கள் இன்னும் சொல்கிறோம், அவர் உன் வயதுப் பிள்ளை. எல்லாவற்றையும் சொன்னேன். சட்டையைத் தூக்கி முதுகையும் காட்டினேன். அவர் என்னை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார். "தலைவரே, நல்ல மனசு லா உங்களுக்கு. அவன காப்பாத்த உங்க மேல போட்டுக்கிறீங்க. ஆனா உங்க மகளே எழுதிக் குடுத்துட்டாங்களே. நீங்க வாயால சொன்னா நான் எத நம்புறது? அவங்க மாத்தி எழுதட்டும், பெர்மிட் காகிதத்த அது வரைக்கும் நிறுத்தி வைக்கிறேன்." நான் பொய் சொன்னபோது என்னை எல்லோரும் நம்பினார்கள். உண்மையைச் சொன்னால் பெருந்தன்மை என்கிறார்கள். தலைவர் என்ற பெயர் எவ்வளவு கெட்டியான போர்வை என்று அப்போதுதான் தெரிந்தது.

வரும் வழியில் பகதூரைப் பார்த்தேன். அவனிடமும் சொன்னேன். தோளில் இருந்த சிலிண்டரை இறக்கி வைத்தான். கோபப்படுவான் என்று காத்திருந்தேன். "எனக்குச் சொல்லி என்னா தலைவரே? உங்க ஆளுங்ககிட்ட சொல்லுங்க" என்றான். பிறகு சிலிண்டரை நம் வீட்டுக்குள் கொண்டுவந்து மாட்டி, வழக்கம்போல ரப்பர்க் குழாயில் சோப்பு நுரையைத் தடவி, காற்றுக் கசிகிறதா என்று பார்த்துவிட்டுப் போனான். உன் அம்மா காப்பி கொடுத்தாள். குடிக்கவில்லை.

ஆகவே பாப்பா, நீ செய்ய வேண்டியதைக் கேட்கிறேன். உன் அறிக்கையைத் திருத்து. ஒருவர் என்று எழுதாதே. கோயில் தலைவர் என்று எழுது. அப்பா என்று எழுத வேண்டியிருந்தாலும் எழுது. உன் பல்கலைக்கழகப் பெரியவர்கள் உன்னைக் கேட்பார்கள், சொந்த வீட்டையே சரியாக விசாரிக்கவில்லையா என்று. அந்த அவமானத்தை நான்தான் உனக்குத் தேடித் தந்தேன். அதற்கு என்ன ஈடு செய்ய முடியும் என்று எனக்குத் தெரியவில்லை. உன் கணக்கு தப்பில்லை. அது பாட்டுக்கு என்னை நோக்கித்தான் வந்துகொண்டிருந்தது, நான்தான் வழியில் இன்னொருவனைத் தள்ளிவிட்டேன்.

உனக்குப் புத்தி சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை. ஆனாலும் மாட்டிக்கொண்ட திருடன் பூட்டைப் பற்றிச் சொன்னால் கேட்டுக்கொள்வதில்லையா, அது மாதிரி எடுத்துக்கொள். அடுத்த தடவை வீடு வீடாகப் போகும்போது தலைவர், கிராணி என்று யாரையும் கூட்டிக்கொண்டு போகாதே. அவர்கள் முன்னால் ஜனங்கள் வாய் திறக்க மாட்டார்கள், அவர்களும் தங்களைப் பற்றிச் சொல்ல மாட்டார்கள். யாருக்கு நோய் என்று மட்டும் கேட்காதே. நோய் வந்தால் யாருக்கு என்ன போய்விடும் என்றும் கேள். எனக்கு ஒரு மைக் போய்விடும் என்று பயம். இன்னொருவனுக்கு வேலை, இன்னொருத்திக்குக் கல்யாணம். வேப்பிலை கட்டிய வீடுகளை நீ நன்றாகத்தான் எண்ணினாய். கட்ட வெட்கப்பட்ட வீட்டுக்கும் உன் கணக்கில் ஓர் இடம் வை. அந்த வீட்டில் இருந்து போகும் கோடுகளை மெலிதாக்காதே. அவன் மறைத்துக்கொண்டு எல்லோரையும் போய்ப் பார்ப்பான். சிரித்துக்கொண்டு பார்ப்பான்.

எழுதப் படிக்கத் தெரியாமல் இருந்திருந்தால் இதெல்லாம் வந்திருக்காதே என்று ஒருநாள் உன் அம்மாவிடம் சொன்னேன். "எழுத்து என்னங்க பண்ணும் பாவம்? இப்ப அதுதான உங்கள உட்கார வெச்சு உண்மைய எழுத வெக்குது" என்றாள். அவள் சொன்னதில் எனக்குக் கொஞ்சம் ஆறுதல். கையெழுத்து கோணலாக இருந்தாலும் இதில் ஒரு வரியைக்கூட வேறு யாரும் எனக்காக எழுதவில்லை. வெட்கத்துக்கு நடுவிலும் அந்த ஒன்றில் சந்தோஷமாக இருக்கிறது. அதையும் மறைக்கவில்லை.

விழா முடிந்து அவிழ்த்து வைத்திருந்த காப்புக் கயிற்றை, இனி எனக்குக் கட்ட வேண்டாம் என்று பொருளாளரிடம் கொடுத்துவிட்டேன், காரணம் வெள்ளிக்கிழமை தெரியும் என்று சொல்லி. அன்று பூசை முடிந்ததும் இந்தக் கடிதத்தைத்தான் மைக்கில் வாசிக்கப் போகிறேன், திருவிழாவில் வாசித்த அதே இடத்தில் நின்று, இந்தத் தடவை சால்வை இல்லாமல். அதற்காகவே பக்கம் பக்கமாக இன்னொரு பிரதியும் எழுதிவருகிறேன். அது இதைவிடக் கொஞ்சம் நேராக வந்திருக்கிறது. மெதுவாகத்தான் வாசிப்பேன், எனக்கு அப்படித்தான் வரும். பகதூரையும் வரச் சொல்லியிருக்கிறேன். பார்க்கலாம் என்றான்.

அடுத்த வாரமும் எழுதுவேன். யார் பாதியில் எழுந்து போனார்கள், யார் கடைசி வரை உட்கார்ந்திருந்தார்கள், கனகா என்ன சொன்னாள், கேஸ் கொண்டுவருவது இன்னும் பகதூர்தானா என்று எல்லாவற்றையும் எழுதுவேன். உன் அறிக்கை அதற்குள் வந்துவிட்டால், அதில் என்னைப் பற்றி நீ எழுதிய வரியை நானே வாசித்துக்கொள்வேன்.

உன் அப்பா